188.5, எம்பிசி, அரசுப் பள்ளி: கிண்டி கிடைக்குமா?

மே 11, கேள்வி

காவேரிப்பட்டணம் பக்கம். மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு 96, பிசிக்ஸ் 93, கெமிஸ்ட்ரி 92. கட்-ஆஃப் 188.5. எம்பிசி. அரசுப் பள்ளி, தமிழ் வழி. வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை. கிண்டியில், அதாவது சென்னை அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? ஊரில் ஒருவர், "அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கும்போது என்ன கவலை, கண்டிப்பாகக் கிடைக்கும்" என்கிறார். இன்னொருவர், "சான்ஸே இல்லை, பேசாமல் பெங்களூரு பக்கம் ஒரு தனியாரில் இப்போதே அட்வான்ஸ் கட்டிவிடுங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மே 11, இரவு

இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். முக்கியமாக அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே வந்துவிட்டால் ஆகஸ்ட் வரை கடையில் இந்தப் பேச்சுதான். அதனால் கொஞ்சம் விவரம் தெரியும்.

கணக்கு சரி: கணிதம் முழுதாக 96, பிசிக்ஸில் பாதி 46.5, கெமிஸ்ட்ரியில் பாதி 46. மொத்தம் 200-க்கு 188.5. நல்ல மார்க்தான். ஆனால் "188.5-க்குக் கிடைக்குமா" என்ற கேள்விக்கு மே மாதத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. ரேங்க் பட்டியல் ஜூன் கடைசியில்தான் வரும். போன வருடம் 188.5 எடுத்தவர் நின்ற இடம் வேறு, இந்த வருடம் உங்கள் பெண் நிற்கப்போகும் இடம் வேறு. கணக்கு வினாத்தாள் கொஞ்சம் சுலபமாக வந்துவிட்டால் அதே மார்க்கில் இருப்பவர்களுக்கு முன்னால் கூட்டம் பெருத்துவிடும். போன வருடத்து மாங்காய் ரேட்டை நம்பி இந்த வருடம் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பீர்களா? இதுவும் அதுதான்.

கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் 199-ஐ ஒட்டித்தான் முடியும். எம்பிசியில் அதைவிட இறங்கும், ஆனால் 188 வரை இறங்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். 7.5 பற்றித் தனியாக எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

மே 12, காலை

இன்னொன்று விட்டுப்போயிற்று. கட்-ஆஃப் அரை மார்க் அரை மார்க்காகத்தான் ஏறும். அதனால் 188.5 என்ற ஒரே புள்ளியில் மாநிலம் முழுக்க ஒரு பெரிய கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் யார் முன்னால் என்பதற்கு முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள், அடுத்து பிசிக்ஸ். அப்படியும் சமமாக நின்றால் கடைசியில் ரேண்டம் எண் வரை போகும். உங்கள் பெண் கணிதத்தில் 96. பக்கத்து வீட்டுப் பையன் கணிதம் 93, பிசிக்ஸ் 96, கெமிஸ்ட்ரி 95 எடுத்து அதே 188.5-ல் இருந்தால் இவளுக்குப் பின்னால்தான் நிற்பான். இது கெட்டிக்காரத்தனமான மார்க்.

விடைத்தாள் நகல் வாங்குவதாக இருந்தால் கணிதத்துக்கு முதலில் வாங்குங்கள். அங்கே ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் முழு ஒரு மார்க். மற்ற இரண்டில் ஒரு மார்க் கூடினால் அரைதான். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்குப் போட முடியும், தேதியைக் கோட்டைவிடாதீர்கள்.

மே 12, மதியம்

இடையில் ஒருவர், "தமிழ் வழிக்கு 20 சதவீதம் இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறார். அது அரசு வேலைக்கு. கல்லூரி சேர்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு வருடமும் யாராவது இதைக் கிளப்பிவிடுகிறார்கள்.

மே 15

7.5-க்கு வருவோம். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் முதலான தொழில் படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. இதன் வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். உங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பெரிய விஷயம், மறுக்கவில்லை.

ஆனால் "7.5 இருக்கிறது, கண்டிப்பாகக் கிடைக்கும்" என்கிறாரே ஊர்க்காரர், அவரிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு பிரிவில் 60 இடம் என்று வைத்துக்கொள்வோம். எம்பிசிக்கு 20 சதவீதம், அதாவது 12 இடம். 7.5 சதவீதம் என்றால் அந்த 60-ல் நான்கு அல்லது ஐந்து இடம். அந்த நான்கைந்தையும் பொதுப்பிரிவு, பிசி, எம்பிசி, எஸ்சி என்று பிரித்தால் எம்பிசிக்கு மிஞ்சுவது ஓர் இடம். ஒன்றே ஒன்று!

போன வருடப் பட்டியலில் 7.5 எம்பிசி என்று ஒரு மார்க் போட்டிருந்தால் அது ஒரே ஒரு பிள்ளையின் மார்க். அந்தப் பிள்ளை அந்த வருடம் அந்தக் கல்லூரியைக் கேட்டது, கிடைத்தது. இந்த வருடம் அதே இடத்தைக் கேட்க 195 எடுத்த ஒருவர் இருந்தால் 195-ல் முடியும். யாருமே கேட்கவில்லை என்றால் 180-க்கு இறங்கும். பன்னிரண்டு இடம் இருந்தால் ஒரு போக்கு தெரியும், ஓர் இடத்தில் என்ன போக்கைப் பார்ப்பது? அதனால் 7.5-ஐ நம்பிக் கனவு காணலாம், கணக்குப் போட முடியாது.

சரி, ஆசைப்பட்டியலில் கிண்டியைப் போடலாமா என்றால், தாராளமாக. போடுவதால் எதுவும் குறையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மே 16

"நீங்கள் எந்த காலேஜ்" என்று கேட்டவருக்கு: பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல். அப்புறம் ஒசூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம். இப்போது நான் ரிப்பேர் பார்க்கும் ஒரே மெஷின் கடையில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷின்தான்.

மே 24

மண்டிக்காரர் இன்று போனில் பேசினார். தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கப் போயிருக்கிறார். ஆறாவது, ஏழாவது எங்கே படித்தாள் என்று கேட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் பாட்டி வீட்டிலிருந்து ஓர் உதவிபெறும் பள்ளியில் இரண்டு வருடம் படித்திருக்கிறாள். எட்டாவதிலிருந்துதான் ஊரில் அரசுப் பள்ளி.

அப்படியானால் 7.5 இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுதும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும், உதவிபெறும் பள்ளி வராது. தனியாரில் எட்டாவது வரை கட்டாயக் கல்விச் சட்டத்தில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தால் அது செல்லும். இவள் அதிலும் இல்லை.

"அது அரசு சம்பளம் வாங்கும் பள்ளிதானே, பீஸ்கூட வாங்கவில்லையே" என்று அவர் நியாயம் பேசினார். நியாயம்தான், விதி அப்படி இல்லை. வேறு பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நம் ஊரில் பாட்டி வீட்டில் இரண்டு வருடம், சித்தி வீட்டில் ஒரு வருடம் படிப்பது சாதாரணம். மாற்றுச் சான்றிதழ்களை எடுத்து ஒவ்வொரு வகுப்பாகப் பாருங்கள், எல்லாம் "அரசுப் பள்ளி" என்று வாயால் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

மே 15 அன்று எழுதியதில் ஓர் இடக் கணக்கு மற்றவர்களுக்குப் பொருந்தும். இவளுக்கு இனி அது வேண்டாம்.

மே 25

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அவர் ரொம்பச் சோர்ந்துவிட்டார் என்று தெரிகிறது. எல்லாம் போய்விடவில்லை.

முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை இருக்கிறது, 2010-லிருந்து உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகத்திலிருந்து சான்று வரும். கல்விக் கட்டணத்தில் நல்ல தொகை குறையும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். முன்பு அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்ததை உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்திருக்கிறார்கள். சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்லூரி கிடைத்துவிட்டால் கட்டணமே குறைவு. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மண்டிக்கு ஒரு லோடு நஷ்டம் வந்த மாதிரிகூட இருக்காது.

அப்புறம், ஓசி என்பது முற்பட்டோருக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 31 சதவீதப் பொது இடங்கள் எல்லோருக்கும் பொது. எம்பிசியில் மேலே இருப்பவர்கள் அந்த இடங்களில் போய்விடுவார்கள். அதனால்தான் எம்பிசி 12 இடம் என்றாலும் அது சமூக ரேங்க்கில் நீங்கள் நினைப்பதைவிடக் கீழே வரை வரும்.

ஜூன் 8

பழைய வருடப் பட்டியல்களை எல்லோரும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2021 பட்டியலை மட்டும் தூக்கி ஓரமாக வையுங்கள். அந்த வருடம் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். அந்த 188-ம் இந்த 188-ம் ஒன்றல்ல.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருடம் எம்பிசிக்குள் வன்னியர்களுக்கு 10.5 சதவீதம் என்று தனியாகப் பிரித்து ஒதுக்கினார்கள். அந்தச் சட்டத்தை 2021 நவம்பரில் உயர் நீதிமன்றமும், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. அதனால் அந்தப் பட்டியலில் எம்பிசி மூன்று துண்டாக இருக்கும், மற்ற வருடங்களில் ஒன்றாக இருக்கும். அதில் ஒரு துண்டை எடுத்துவைத்துக்கொண்டு "எம்பிசிக்கு இவ்வளவுக்கே கிடைத்திருக்கிறது" என்று போன வாரம் ஒருவர் கடையில் சண்டைக்கே வந்தார். தீர்ப்பைப் பற்றி இங்கே யாரும் ஆரம்பிக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஜூன் 9

"அந்தக் காலத்தில் எப்படி" என்று ஒரு தம்பி கேட்டான். எங்கள் காலத்தில் கட்-ஆஃப் 300-க்கு. பிளஸ் டூ மார்க்கில் 200, நுழைவுத் தேர்வில் 100. நுழைவுத் தேர்வு 2007-லிருந்து இல்லை. கவுன்சலிங்குக்கு நேரில் அண்ணா பல்கலைக்கழகம் போக வேண்டும். நானும் அப்பாவும் தருமபுரியில் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை சென்னையில் இறங்கினோம். ஹாலில் திரை வைத்திருப்பார்கள், கல்லூரி வாரியாக மிச்ச இடம் ஓடும். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜிசிடி) எனக்கு வேண்டிய பிரிவில் எம்பிசி கட்டத்தில் 2 என்று இருந்தது. என்னைக் கூப்பிடுவதற்குள் 1 ஆனது. நாற்காலியில் உட்கார்ந்தபோது 0. அப்பா பக்கத்தில் இருந்து "பர்கூர்னா வாராவாரம் வீட்டுக்கு வரலாம்" என்றார். முடிந்தது கதை.

2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். திரை கண்முன் ஓடாததால்தான் இவ்வளவு வதந்தி என்று சில சமயம் தோன்றும். அன்று எது போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தோம், இன்று தரகர் சொல்லித் தெரிந்துகொள்கிறார்கள்.

ஜூன் 28

ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. இனிதான் கணக்கு.

மார்க்கை மறந்துவிடுங்கள். பெண்ணின் பொது ரேங்க், எம்பிசி ரேங்க் இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை இணையதளத்தில் கல்லூரி, பிரிவு, சமூகம் வாரியாகப் போன வருடங்களில் எங்கே முடிந்தது என்று இருக்கும். மார்க் இருக்கும் பத்தியை விட்டு ரேங்க் இருக்கும் பத்தியைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன், உண்மை எண் அல்ல: ஒரு பிரிவு போன வருடம் எம்பிசி ரேங்க் 2,000-ல் முடிந்தது, உங்கள் ரேங்க் 1,700 என்றால் நம்பிக்கையாக இருக்கலாம். 2,050 என்றால் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். 4,000 என்றால் ஆசைக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒரு வருடம் போதாது, இரண்டு மூன்று வருடம் பாருங்கள். ஒரே இடத்தைச் சுற்றி முடிந்திருந்தால் நம்பலாம். தாறுமாறாக ஆடியிருந்தால் அந்தப் பிரிவில் இடம் குறைவு என்று அர்த்தம்.

மண்டிக்காரர் பெண்ணுக்கு இப்படிப் பார்த்ததில் கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசைப் பக்கம். ஜிசிடியில் கம்ப்யூட்டரும் ஈசிஇ-யும் (எலக்ட்ரானிக்ஸ்) ஓரத்தில் நிற்கின்றன. சேலம் கருப்பூர் அரசுக் கல்லூரி கம்ப்யூட்டர் சயின்ஸ் வாய்ப்புள்ள பக்கம். பர்கூர், தருமபுரி செட்டிகரை அரசுக் கல்லூரிகள் பத்திரமான பக்கம்.

ஜூன் 29

நேற்றைய கணக்கில் ஒரு சுருக்கு உண்டு. ரேங்க்கும் அப்படியே கல்லில் செதுக்கியது இல்லை. இடங்கள் கூடுகின்றன. தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25-லிருந்து நல்ல தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இட உச்சவரம்பை எடுத்த பிறகு தனியாரில் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் பெருகின. மேலே இருக்கும் சிலர் சென்னையில் பெரிய தனியார் கல்லூரிக்குப் போய்விட்டால் அரசுக் கல்லூரியில் ரேங்க் கொஞ்சம் கீழே இறங்கும். நீட்டில் மருத்துவம், ஜேஇஇ-யில் திருச்சி என்.ஐ.டி. என்று போகிறவர்களும் உண்டு. அதனால் ஓரத்தில் இருப்பதை "கிடைக்காது" என்று அடிக்காதீர்கள்.

ஜூலை 6

இன்று கடையில் நடந்தது. ஒருவர் நீளமான நோட்டு ஒன்றோடு வந்தார். பக்கத்துக்கு ஒரு மாணவர்: பெயர், விண்ணப்ப எண், பாஸ்வேர்டு, அப்பா போன் நம்பர். எல்லாம் அரூர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள். "சார், சாய்ஸ் எல்லாம் நாமே போட்டுடலாம், ஓடிபி மட்டும் போன் பண்ணி வாங்கிக்கறேன், ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்" என்றார். சில பக்கங்களில் ஒரே ஒரு தனியார் கல்லூரியின் குறியீட்டு எண் மட்டும் மூன்று பிரிவுக்கு எழுதியிருந்தது. 170-க்கு மேல் எடுத்த பிள்ளைக்கும் அதே எண்தான்.

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வேறு கடைக்குப் போயிருப்பார். பாஸ்வேர்டை யாரிடமாவது கொடுத்திருந்தால் இன்று இரவே மாற்றுங்கள். அரசு உதவி மையத்தில் சாய்ஸ் போட உட்கார்ந்து உதவுவார்கள், காசு கிடையாது.

ஜூலை 13

நாளை சாய்ஸ், அதாவது கல்லூரி விருப்பப் பட்டியல் போடுவது, தொடங்குகிறது. மே மாதம் "பின்னால் சொல்கிறேன்" என்றது இதுதான்.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலில் முதலாவதில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது. இப்படியே இறங்கி, எங்கே இடம் இருக்கிறதோ அதைக் கொடுக்கும். கிண்டியை முதலில் போட்டதால் சேலம் கைவிட்டுப் போகாது. சேலத்தில் உங்களுக்கு முன் ரேங்க் இருப்பவர்தான் உங்களைத் தாண்ட முடியும், சேலத்தை முதலில் எழுதிய பின் ரேங்க்காரர் தாண்ட முடியாது. "முதல் சாய்ஸாப் போட்டாத்தான் குடுப்பாங்க" என்பது சுத்தப் பொய்.

ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசை போடாதீர்கள். எது மேலும் வேண்டுமோ அது மேலே. நீளமாகப் போடுங்கள், கீழே பத்திரமானவை நாலைந்து இருக்கட்டும்.

மண்டிக்காரருக்கும் பெண்ணுக்கும் இங்கே தகராறு. அவருக்குக் கோயம்புத்தூர் பெயர் பிடித்திருக்கிறது. ஜிசிடியில் ட்ரிபிள் இ-யை (எலக்ட்ரிக்கல்) சேலம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேலே வைக்கச் சொல்கிறார். பெண்ணுக்கு கம்ப்யூட்டர்தான் வேண்டும். "ஒசூர்ல அத்தனை கம்பெனி இருக்கு, ட்ரிபிள் இ படிச்சா ஊரோட வேலை" என்று அவர் சொல்வதிலும் தப்பில்லை. படிக்கப்போவது அவர் இல்லை என்பதுதான் விஷயம்.

ஜூலை 17

தற்காலிக ஒதுக்கீடு வந்தது. சேலம் அரசுக் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்பிசி இடம். ஓரத்தில் இருந்த ஜிசிடி ஈசிஇ கைக்கு வரவில்லை. ட்ரிபிள் இ-யும் மூடியிருக்கிறது, அவள் ரேங்க்குக்குச் சற்று முன்னால்.

ஜூலை 17, இரவு

இப்போது எதை அழுத்துவது என்று கேட்கிறார். "ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்", "ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்", இன்னும் சில. பலரும் இரண்டாவதைத் தைரியமாக அழுத்துகிறார்கள், கையில் ஒன்று இருக்கிறதே என்று. ஆனால் மேலே உள்ள ஏதாவது ஒன்று திறந்தால் தானாக அங்கே மாற்றிவிடும், கையில் இருந்தது போய்விடும். "அது வேண்டாம், பழையதே போதும்" என்று திரும்பி வர முடியாது.

மேலே என்ன இருக்கிறது? சித்தப்பா சொல்லிச் சேர்த்த ட்ரிபிள் இ இருக்கிறது. ஒருவர் விலகினால் போதும், பெண் கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து ட்ரிபிள் இ-க்குப் போய்விடுவாள். மேலே இருப்பதெல்லாம் உண்மையிலேயே இதைவிடப் பிடித்தவை என்றால் மட்டும் காத்திருங்கள். இல்லையென்றால் வாங்கிக்கொண்டு சேருங்கள். காத்திருப்பதாக இருந்தால் கெடுவுக்குள் உதவி மையத்தில் ஆஜராக வேண்டும், அதையும் தவறவிட்டவர்கள் உண்டு.

ஜூலை 18

அவளே போனில் பேசினாள். "அங்கிள், சேர்றேன்னு அழுத்திட்டேன். சித்தப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க." சொன்னேன். மனிதர் அரை நிமிடம் பேசவே இல்லை, பிறகு விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

தினமும் போய்வரலாமா என்று கேட்டதற்குப் பதில்: தருமபுரியிலிருந்து சில பிள்ளைகள் தொப்பூர் வழியாகப் போய்வருகிறார்கள். கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைக்கு முதல் இரண்டு பீரியட் போயிற்று. காவேரிப்பட்டணத்திலிருந்து அது சரிவராது, விடுதியே மேல்.

அரூரிலிருந்து 171 கட்-ஆஃபுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவருக்கு: சமூகம், சமூக ரேங்க் இரண்டையும் எழுதுங்கள். இரண்டாம் சுற்றுக்கு நாள் இருக்கிறது. ஞாயிறு கடை லீவு, திங்கள் பார்த்துச் சொல்கிறேன்.